பகலில் பரி, இரவில் நரி: இங்கிலாந்தின் வேட்டைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரிட்டிஷ் ஹவுண்ட் ஸ்போர்ட்ஸ் அசோசியேஷன் நிர்வாகிகளுக்கும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள வேட்டைக் குழுத் தலைவர்களுக்கும்,

வணக்கம். நாய்களை ஏவி நரியை வேட்டையாடக் கூடாது என்ற சட்டம் 2005 பிப்ரவரி 18 அன்று நடைமுறைக்கு வந்தது. இருபது ஆண்டுகள் கடந்த பிறகும் உங்கள் குதிரைகள் ஓடுகின்றன, ஊதுகொம்பு ஒலிக்கிறது, நாய்க்கூட்டம் வயல்வெளியெங்கும் பரவுகிறது. இதில் எனக்கு ஆட்சேபம் ஏதும் இல்லை. குதிரை ஏறக் கூடாது என்றோ நாய் வளர்க்கக் கூடாது என்றோ எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அந்த நாய்கள் எதன் பின்னால் ஓடுகின்றன என்பதுதான் கேள்வி. நரி மூத்திரத்தில் நனைத்த துணியின் பின்னால் என்கிறீர்கள். அப்படியானால் நரி ஏன் சாகிறது என்று ஊர் கேட்கிறது. இப்போது அரசாங்கமும் கேட்கத் தொடங்கிவிட்டது. ‘டிரெயில் ஹண்டிங்’ எனப்படும் இந்த ஏற்பாட்டையும் தடை செய்வோம் என்று 2024 தேர்தல் அறிக்கையில் தொழிலாளர் கட்சி எழுதியது. அதற்கான கருத்துக்கேட்பை நடத்துவோம் என்று 2025 டிசம்பரில் அறிவிப்பும் வந்தது. தடை வரும்வரை காத்திருக்காமல் நீங்களாகவே செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நான் சேலம் மாவட்டத்துக்காரன், இங்கிலாந்தில் குடியேறியவன். இதன் ஆங்கில வடிவத்தை உங்கள் அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். தமிழிலும் எழுதக் காரணம், உங்கள் வாதங்கள் ஒவ்வொன்றும் எங்கள் ஆட்களுக்கு மனப்பாடம். இது எங்கள் மரபு. கிராமத்து வாழ்க்கை உங்களுக்குப் புரியாது. இந்த விளையாட்டு போனால் நாட்டு இனமே அழிந்துவிடும். எங்களைவிட அந்த விலங்கின் மேல் அன்பு வைத்தவன் யார்? இவை எல்லாமே ஜல்லிக்கட்டுக்காக நாங்கள் பேசிய பேச்சு. ஆகவே, மரபு என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கும் ஆள் அல்ல நான்.

முதலில் உங்கள் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். நரி வேட்டை என்றால் சிவப்புக் கோட்டு போட்ட பிரபுக்கள் என்றுதான் நம் ஊரில் நினைப்போம். படங்களில் பார்த்தது அப்படி. ஆனால் கம்ப்ரியாவின் செங்குத்தான மலைகளில் குதிரை ஓட்ட முடியாது. அங்கே ஆடு மேய்க்கும் விவசாயிகள் நாய்களின் பின்னால் கால்நடையாகவே வேட்டைக்குப் போனார்கள். தெற்கு வேல்ஸில் பான்வென் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் தங்களுக்கென்று ஒரு வேட்டைக் குழுவே வைத்திருந்தார்கள். பண்ணையில் கன்றோ ஆடோ செத்துப்போனால் வேட்டைக் குழுவின் வண்டி வந்து தூக்கிக்கொண்டு போகும், அது நாய்களுக்கு இரையாகும். மாடு வளர்ப்பவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது நகரத்தில் இருப்பவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. வேட்டைநாய்க் குட்டிகளைச் சில மாதங்கள் வீட்டோடு வைத்து வளர்த்துத் திருப்பிக் கொடுப்பதும் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள்தான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சந்தைத் திடலில் நீங்கள் கூடும்போது பாதி ஊர் வந்து நிற்கிறது. இதையெல்லாம் பணக்காரன் விளையாட்டு என்று ஒரே போடாகப் போட்டுவிடுவது சோம்பேறித்தனம்.

சட்டம் வருவதற்கு முன் நீங்கள் போராடிய விதத்திலும் எனக்குப் பெரிய குறை இல்லை. 2002 செப்டம்பர் 22 அன்று லண்டன் தெருக்களில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நடந்தீர்கள். 2004 செப்டம்பரில் ஐந்து பேர் மக்களவைக்குள்ளேயே புகுந்தது கொஞ்சம் அதிகம்தான், போகட்டும். பிரபுக்கள் அவை மசோதாவை ஏற்க மறுத்தது. பிரபுக்கள் அவையைத் தாண்டிச் செல்ல வழிவிடும் நாடாளுமன்றச் சட்டத்தைப் பயன்படுத்தி மக்களவை அதை நிறைவேற்றியது. அது செல்லாது என்று வழக்குப் போட்டீர்கள், 2005 அக்டோபரில் தோற்றீர்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனீர்கள், 2009இல் அங்கேயும் எடுபடவில்லை. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த காலத்துப் பிரதமர் டோனி பிளேரே பிற்பாடு அதற்காக வருந்தி எழுதினார். இதுவரை நடந்ததெல்லாம் நேர்மையான சண்டை. ஜெயித்தாலும் தோற்றாலும் தலை நிமிர்ந்து நிற்கலாம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கோளாறு.

அதற்குப் போகும் முன், நரியை ஒழிக்கத்தான் வேட்டை, அது கோழியையும் ஆட்டுக்குட்டியையும் தின்னும் பிராணி என்ற வாதத்தை ஒரு கை பார்த்துவிடலாம். உங்கள் சொந்த வரலாறே அதற்குச் சாதகமாக இல்லை. 18ஆம் நூற்றாண்டில் லெஸ்டர்ஷயரின் குவார்ன் பகுதியில் ஹியூகோ மெய்னெல் மோப்பமும் வேகமும் கூடிய நாய்களை இனம் சேர்த்து உருவாக்கினார். நவீன நரி வேட்டையின் தந்தை என்று அவரைத்தான் நீங்கள் கொண்டாடுகிறீர்கள். நரி ஒழிய வேண்டும் என்றா அவர் அந்தப் பாடுபட்டார்? நல்ல ஓட்டம் வேண்டும் என்றுதான். அவருக்குப் பிறகு வந்தவர்கள் நரி தங்குவதற்கென்றே புதர்க்காடுகளை நட்டு வளர்த்தார்கள். நரியைச் சுட்டுக் கொன்ற விவசாயியை ஊரே இழிவாகப் பார்த்தது. 19ஆம் நூற்றாண்டில் நரி போதாமல் ஐரோப்பாவிலிருந்து இறக்குமதி செய்தார்கள். லண்டன் லெடன்ஹால் சந்தையில் காசு கொடுத்து நரி வாங்கிச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் விட்டார்கள். எலித் தொல்லைக்காக யாரும் சந்தையில் எலி வாங்குவதில்லை.

2000ஆம் ஆண்டு லார்டு பர்ன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது. பதிவு பெற்ற குழுக்கள் ஆண்டுக்குச் சுமார் 21,000 முதல் 25,000 நரிகளைக் கொல்வதாக அது கணக்கிட்டது. அதில் கணிசமான பங்கு இலையுதிர் காலத்தில் கொல்லப்படும் இளம் நரிகள். நாய்கள் புதிய பருவத்துக்குப் பழகும் காலம் அது. துரத்திப் பிடிக்கப்படுவது நரியின் நலனைக் கடுமையாகப் பாதிக்கிறது என்று மிக நிதானமான மொழியில் அந்தக் குழு எழுதியது. இரவில் விளக்கடித்துத் துப்பாக்கியால் சுடுவது நரிக்கு இதைவிடக் குறைந்த துன்பம் என்பதும் அதன் கருத்து. ஆகவே, தடையால் நரிகள் சாகாமல் வாழ்கின்றன என்று நானும் சொல்ல மாட்டேன். விவசாயி இன்றும் சுடுகிறார், அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நாய்க்கூட்டத்தை ஏவித் துரத்தி, பொந்துக்குள் ஒளிந்தால் அதையும் தோண்டி, அதைச் சுற்றி ஒரு விழா நடத்துவதைத்தான் சட்டம் நிறுத்தச் சொன்னது.

சரி, டிரெயில் ஹண்டிங்குக்கு வருவோம்.

தமிழ் வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். செயற்கை மணத்தைத் தரையில் இழுத்துப் போய் நாய்களை அதன் மேல் ஓட விடுவது இங்கிலாந்தில் பழைய விளையாட்டு. அதற்கு டிராக் ஹண்டிங் என்று பெயர். சோம்பு மணம் போன்ற ஏதாவதொன்றைத் துணியில் தோய்த்து, முன்பே விவசாயிகளிடம் அனுமதி வாங்கிய பாதையில் இழுப்பார்கள். நரிக்கு அதில் வேலையே இல்லை. 19ஆம் நூற்றாண்டிலிருந்தே நடக்கிறது, இன்றும் அதற்கென்று தனிக் குழுக்கள் உண்டு. 2005இல் தடை வந்தபோது நீங்கள் எல்லோரும் அதற்கு மாறியிருக்கலாம். மாறவில்லை. அதற்குப் பதிலாக டிரெயில் ஹண்டிங் என்று புதிதாக ஒன்றை உண்டாக்கினீர்கள். அதில் போடுவது நரியின் மணம். போடும் இடமோ நரி சாதாரணமாக நடமாடும் புதர்க்காடும் வேலியோரமும். மணத்தை எந்த வழியில் போட்டோம் என்பதை நாய்களை நடத்தும் ஹண்ட்ஸ்மேனிடம் சொல்லாமல் இருப்பதும் இதில் வழக்கம். பழைய வேட்டை போலவே இருக்க வேண்டுமாம்.

இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பாதை எது என்று தெரியாத ஒருவர், நாய்கள் பாதை மாறிவிட்டன என்பதை எப்படிக் கண்டுபிடிப்பார்? துணியின் பின்னால் ஓடும் நாயும் உயிருள்ள நரியின் பின்னால் ஓடும் நாயும் ஒரே மாதிரிதான் குரைக்கும். இரண்டுக்கும் மணம் ஒன்றுதானே. பிறகு நரி செத்துக் கிடந்தால் ‘விபத்து’ என்கிறீர்கள். நோக்கம் இருந்தது என்று நிரூபித்தால்தான் குற்றம். நோக்கத்தை எங்கிருந்து நிரூபிப்பது?

இன்னொன்று. துணியைத் துரத்தும் விளையாட்டுக்கு டெரியர்காரர்கள் எதற்கு? குதிரைகளுக்குப் பின்னால் குவாட் பைக்கில் மண்வெட்டியோடும் பெட்டியில் அடைத்த சின்ன டெரியர் நாய்களோடும் வருகிறார்களே, அவர்கள். பொந்துக்குள் நுழைந்த நரியை வெளியேற்றுவதுதான் அவர்களுடைய பழைய தொழில். துணி பொந்துக்குள் நுழையாது. நரி ஒளிந்துவிடாதபடி முன்கூட்டியே பொந்துகளை அடைத்து வைக்கிற பழைய வேலைக்கும் அப்படித்தான் இடமே இருக்கக் கூடாது. ஆனால் தடைக்குப் பிறகும், நரிகளும் ஒளியக்கூடிய வளைக்கரடிகளின் (பேட்ஜர்) வளையை அடைத்து நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற வேட்டைக் குழு ஆட்கள் உண்டு. சட்டம் வந்த புதிதில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. கழுகு, பருந்து போன்ற வேட்டைப் பறவைக்கு இரையை விரட்டித் தர நாய்களைப் பயன்படுத்தலாம் என்று சட்டத்தில் ஒரு விலக்கு இருப்பதைக் கண்டுபிடித்து, சில குழுக்கள் ஒரு கழுகைக் கூடவே கூட்டிக்கொண்டு கிளம்பின. நாற்பது வேட்டைநாய், முப்பது குதிரை, ஒரு கழுகு! அந்தக் கழுகுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நினைத்து நான் சிரித்ததுண்டு.

எங்கள் மதுரையில் ஒரு கதை உண்டு. குதிரை வாங்க அரிமர்த்தன பாண்டியன் கொடுத்த பணத்தை அமைச்சர் வாதவூரர் திருப்பெருந்துறையில் கோயில் கட்டச் செலவழித்துவிட்டார். மன்னன் குதிரை எங்கே என்று கேட்டபோது, பக்தனைக் காப்பாற்ற சிவபெருமான் காட்டு நரிகளையெல்லாம் குதிரைகளாக்கி மதுரைக்கு ஓட்டிவந்தார். மன்னன் பார்த்துப் பூரித்துப்போனான். அன்று இரவே லாயத்தில் இருந்த பரியெல்லாம் மறுபடி நரியாகி, பழைய குதிரைகளைக் கடித்து, ஊளையிட்டுக்கொண்டு காட்டுக்கு ஓடிவிட்டன. ஆவணி மாதத்தில் மதுரைக் கோயில் திருவிழாவில் இன்றும் இதை நடத்திக் காட்டுகிறார்கள். டிரெயில் ஹண்டிங்கைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த லாயம்தான் நினைவுக்கு வருகிறது. கணக்குக் காட்டும்போது பரி, ஆள் இல்லாத இடத்தில் நரி. ஒரு வித்தியாசம், அங்கே அதைச் செய்தவர் கடவுள்.

ஆதாரம் இல்லாமல் பேசுகிறேன் என்பீர்கள். 2012 டிசம்பரில் ஆக்ஸ்போர்ட்ஷயர் பக்கத்து ஹேத்ரோப் வேட்டைக் குழு சட்டத்துக்கு மாறாக நரியை வேட்டையாடியதாக நீதிமன்றத்தில் தானே ஒப்புக்கொண்டது. அன்றைய பிரதமர் டேவிட் கேமரன் ஒரு காலத்தில் சேர்ந்து குதிரை ஓட்டிய குழு அது. அந்த வழக்கை நடத்த விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் 3 லட்சம் பவுண்டுக்கும் மேல் செலவழித்தது. இவ்வளவு செலவழித்தால்தான் ஒரு குழுவைக் கூண்டில் நிறுத்த முடியும் என்றால் சட்டம் எவ்வளவு பல் இல்லாமல் இருக்கிறது பாருங்கள். 2020இல் உங்கள் பழைய அமைப்பு தன் உறுப்பினர்களுக்கு நடத்திய இணையவழிப் பயிற்சியின் பதிவுகள் வெளியே கசிந்தன. டிரெயில் ஹண்டிங்கைத் திரையாக வைத்துச் சட்டவிரோத வேட்டைக்குத் தூண்டியதாக, அதில் பேசிய ஒரு நிர்வாகிக்கு 2021இல் தண்டனை விதிக்கப்பட்டது. 2022இல் மேல்முறையீட்டில் அவர் விடுவிக்கப்பட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும், நியாயம் அதுதான். ஆனால் அந்தப் பதிவுகளைக் கேட்ட நில உரிமையாளர்கள் நீதிமன்றத்துக்காகக் காத்திருக்கவில்லை. 2021 அக்டோபரில் நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளையின் உறுப்பினர்கள் அதன் நிலத்தில் டிரெயில் ஹண்டிங் கூடாது என்று வாக்களித்தார்கள். அடுத்த மாதமே அந்த அமைப்பு உரிமம் கொடுப்பதை நிறுத்தியது. வேல்ஸின் இயற்கை வள அமைப்பும் அதையே செய்தது. ஸ்காட்லாந்து 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் டிரெயில் ஹண்டிங்கையும் சேர்த்தே தடுத்துவிட்டது. உங்களை நம்ப ஆசைப்பட்டவர்களே ஒவ்வொருவராக விலகிப் போகிறார்கள்.

இப்போது ஜல்லிக்கட்டு. ஒப்பிடுவது எனக்கே கொஞ்சம் சங்கடம்தான். காளையை யாரும் கொல்ல ஓடுவதில்லை, திமிலைப் பிடித்துத் தொங்கத்தான் ஓடுகிறார்கள். காளை வீட்டுக்குத் திரும்பி அடுத்த பொங்கலுக்கும் வரும். அதனால் இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவே மாட்டேன். நான் ஒப்பிடுவது, சட்டம் எதிரே வந்து நின்றபோது இரண்டு ஊர்க்காரர்களும் என்ன செய்தார்கள் என்பதை.

2014 மே 7 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2015, 2016 பொங்கல்கள் வாடிவாசல் திறக்காமலே போயின. ஆங்காங்கே தடையை மீறி மாட்டை அவிழ்த்தவர்களும் உண்டு. அவர்களைப் போலீஸ் பிடித்தது, அவர்களும் ஜல்லிக்கட்டு விட்டோம் என்றே சொன்னார்கள். நாங்கள் கன்றுக்குட்டியை நடைபழக்கத்தான் கூட்டிப்போனோம், காளை தற்செயலாகக் கூட்டத்துக்குள் வந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. 2017 ஜனவரியில் மெரினாவில் லட்சக்கணக்கானவர்கள் உட்கார்ந்தார்கள். இதில் ஒரு விசித்திரம். உங்கள் லண்டன் பேரணிக்குக் கிராமம் நகரத்துக்கு வந்தது. மெரினாவில் உட்கார்ந்தவர்களில் பலர் காளையைப் பக்கத்தில் நின்று பார்த்திராத நகரத்துப் பிள்ளைகள். மாநில அரசு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. அதை எதிர்த்தும் வழக்குப் போனது. 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. இன்று கால்நடை மருத்துவர் பார்த்து அனுமதித்த காளைதான் களத்துக்கு வர முடியும். தடுப்பு வேலி, மருத்துவக் குழு, வாலைப் பிடித்தால் வெளியேற்றம் என்று விதிகள் இருக்கின்றன. அவை எல்லா ஊரிலும் சரியாக நடக்கின்றனவா என்றால், இல்லை. ஒவ்வோர் ஆண்டும் உயிர்கள் போகின்றன. அதைப் பற்றி எங்கள் ஆட்களிடம் சண்டை போட எனக்கு நிறைய இருக்கிறது, அது வேறு மடல். ஆனால் எங்களுக்கு என்ன வேண்டும் என்பதை வெளிப்படையாகக் கேட்டோம், கேட்டதைச் சட்டத்தில் எழுதி வாங்கினோம்.

உங்களுக்கும் அந்த வழி திறந்துதான் இருந்தது. 2015இல் கேமரன் சட்டத்தைத் தளர்த்த ஒரு வாக்கெடுப்பு வைக்க முயன்றார், ஆதரவு இல்லாததால் தள்ளிப்போட்டார். 2017இல் தெரசா மே மறுபடி வாக்குறுதி கொடுத்துவிட்டுக் கைவிட்டார். 14 ஆண்டுகள் உங்களுக்கு அனுகூலமான கட்சி ஆட்சியில் இருந்தும் ஒரு வரியைக்கூட மாற்ற முடியவில்லை. நாட்டு மக்கள் உங்கள் பக்கம் வரவில்லை என்பதுதான் அதன் பொருள். அப்போதாவது துணிக்கு நேர்மையாக மாறியிருக்கலாம்.

எங்கள் மாவட்டத்து நரி ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வாழப்பாடிப் பக்கத்து ஆட்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள். அங்கே சில ஊர்களில் பொங்கலையொட்டி வங்கா நரியைக் காட்டில் வலை போட்டுப் பிடித்து வருவார்கள். நரி முகத்தில் முழித்தால் நல்லது என்ற நம்பிக்கை தமிழ்நாடு முழுக்க உண்டு, அங்கே அது ஒரு திருவிழாவாகவே ஆகிவிட்டது. மேளதாளத்தோடு ஊர்வலம் போய், மாரியம்மன் கோயில் பக்கம் கயிற்றில் கட்டி ஓட விட்டு, பிறகு காட்டிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். மழை பெய்யும், விளைச்சல் கூடும் என்பது ஐதீகம். வங்கா நரி 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு. வனத்துறை ஒவ்வொரு பொங்கலுக்கும் எச்சரிக்கிறது, அபராதம் போடுகிறது. கொல்லவில்லையே, விட்டுவிடுகிறோமே என்று ஊர்க்காரர்கள் கேட்பார்கள். வலையில் சிக்கி, வாயைக் கட்டி, மேளச் சத்தத்துக்கு நடுவே நடுங்கி நிற்கிற அந்தச் சின்ன உயிருக்கு விட்டுவிடப்போவது தெரியுமா? என் கருத்தில் அதுவும் நிற்க வேண்டியதுதான். என் ஊருக்கு ஒரு நியாயம், உங்கள் ஊருக்கு ஒரு நியாயம் என்று நான் வைத்துக்கொள்ளவில்லை.

உங்கள் முன்னோர் எங்கள் மலைக்கும் இந்த விளையாட்டைக் கொண்டுவந்தார்கள் என்பது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். 19ஆம் நூற்றாண்டில் ஊட்டியில் ஒரு வேட்டைக் குழு தொடங்கி, சிவப்புக் கோட்டோடும் இங்கிலாந்து வேட்டைநாய்களோடும் புல்வெளிகளில் குள்ளநரியைத் துரத்தினார்கள். தோடர்கள் எருமை மேய்த்த அந்த வெளிக்கு மெட்ராஸ் கவர்னர் ஒருவரின் பெயரால் வென்லாக் டவுன்ஸ் என்று பெயரும் வைத்தார்கள். ஊட்டி கிளப்பின் சுவர்களில் அந்தக் குள்ளநரித் தலைகள் மாட்டப்பட்டிருந்தன. இங்கிலாந்து நரி இல்லாத ஊரில் குள்ளநரியை வைத்துச் சமாளித்துக்கொண்டீர்கள். அவசியம் வந்தபோது இரையையே மாற்றிக்கொள்ள உங்களால் முடிந்திருக்கிறது. இன்னொரு முறையும் முடியும்.

இப்போது நான் கேட்பது. வரும் நவம்பரில் பருவம் தொடங்கும் முன், நரி மணத்தைக் கைவிடுங்கள். நரி மட்டுமல்ல, எந்தக் காட்டு விலங்கின் மணமும் வேண்டாம். சோம்போ வேறு எதுவோ, நாய்க்குப் பழக்கிக்கொள்ளலாம். நரியைத் தேடிப் பழகிய மூத்த நாய்கள் மாற மாட்டா என்பீர்கள், இருக்கலாம். அவற்றை வேட்டைக்கு எடுத்துப்போகாமல் கடைசிவரை வைத்துக் காப்பாற்றுங்கள், புதிய குட்டிகளைப் புதிய மணத்தில் பழக்குங்கள். ஆறேழு வயதில் ஓட்டம் குறைந்த நாயைச் சுட்டுவிடுகிற வழக்கத்தையும் அந்தச் சாக்கில் நிறுத்தலாம்.

டெரியர்காரர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். துணி இழுத்த பாதையை ஜிபிஎஸ்ஸில் பதிந்து, ஹண்ட்ஸ்மேனிடமும் நிலக்காரரிடமும் கொடுத்து வையுங்கள். காவல்துறை கேட்டால் காட்டுங்கள். ஊர்க்குடியிருப்புகளையும் சாலைகளையும் விட்டு விலகிப் பாதை போடுங்கள். 2021 மார்ச்சில் கார்ன்வாலின் ஒரு கிராமத்தில் வேட்டைநாய்கள் ஒரு வீட்டுப் பூனையைக் கொன்றது உங்களுக்கு நினைவிருக்கும். அது வேட்டை நாள்கூட இல்லை, நாய்களை நடத்திக் கூட்டிப்போன நாள். ஊட்டி வளர்த்த பூனையை வீட்டு வாசலில் இழந்தவரிடம் மரபு பற்றிப் பேச முடியாது.

டிராக் ஹண்டிங்கில் சுவை இல்லை, நேர்கோட்டில் ஒரே பாய்ச்சலாக ஓடி முடிந்துவிடும், நாய்கள் மோந்து தேடித் தவறி மறுபடி கண்டுபிடிக்கும் அழகு அதில் வராது என்று உங்களில் பலர் சொல்வதைப் படித்திருக்கிறேன். அந்த அழகை நான் மறுக்கவில்லை. முகம் தரையில் வைத்து ஒரு நாய் தடுமாறி நிற்பதும், இன்னொன்று குரல் கொடுத்ததும் மொத்தக் கூட்டமும் திரும்பி அதை நம்பி ஓடுவதும் பார்க்கத் தகுந்த காட்சிதான். ஆனால் துணியை இழுப்பவர் நடுவில் தூக்கிவிட்டுக் கொஞ்ச தூரம் தள்ளி மறுபடி தரையில் விட்டால் நாய்கள் தேடத்தானே வேண்டும்? டிராக் குழுக்கள் இதைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. இன்னும் நுணுக்கமான தேடல் வேண்டுமென்றால் பிளட்ஹவுண்ட் நாய்களை வைத்து ஒரு மனிதரின் கால்தடத்தைத் துரத்தும் விளையாட்டு உங்கள் நாட்டிலேயே இருக்கிறது. ஓடுபவர் வளைந்து போவார், ஓடையில் இறங்குவார், வந்த வழியே திரும்புவார். நாய்கள் கடைசியில் அவரைக் கண்டுபிடித்து முகத்தை நக்கிவிடும். நரியைவிட மனிதன் தந்திரம் குறைந்தவனா என்ன!

வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானது. வேட்டையைச் சார்ந்து 6,000 முதல் 8,000 வேலைகள் இருப்பதாக பர்ன்ஸ் அறிக்கை அன்று கணக்குச் சொன்னது. லாடம் அடிப்பவர், குதிரைக் கொட்டிலில் வேலை செய்யும் பெண், நாய்களுக்கு இறைச்சி வெட்டுபவர் எல்லோரும் அதில் உண்டு. தடை வந்தால் எல்லாம் போய்விடும் என்று 2004இல் சொன்னீர்கள், பெரும்பாலான குழுக்கள் கலையாமல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. குதிரை இருக்கும்வரை லாடம் வேண்டும். மணம் எதுவாக இருந்தாலும் நாய்க்குச் சாப்பாடு வேண்டும். இந்த வேலைகளுக்கு உண்மையான ஆபத்து, அரசாங்கம் சலித்துப்போய் டிரெயிலையும் டிராக்கையும் பிரித்துப் பார்க்காமல் இரண்டையும் ஒரே சட்டத்தில் மூடிவிடுவதுதான். நீங்கள் நேர்மையாக மாறிவிட்டீர்கள் என்று காட்ட ஒரு முழுப் பருவம் நடந்திருந்தால் டிராக் குழுக்களும் தப்பும், நீங்களும் தப்புவீர்கள். அமைச்சரின் கையில் காட்ட இருபது குழுக்களின் பாதைப் பதிவுகள் போதும்.

ஒருவேளை இவை எதுவும் உங்களுக்கு ஒத்துவராது, நரி இல்லாமல் வேட்டை இல்லை என்பதே உங்கள் உறுதியான எண்ணம் என்றால், அதையும் மதிக்கிறேன். அப்படியானால் அரசாங்கத்தின் கருத்துக்கேட்புக்கு அந்தப் பதிலையே எழுதுங்கள். நரியைத் துரத்திக் கொல்லும் உரிமை எங்களுக்கு வேண்டும், இன்னின்ன காரணத்துக்காக என்று உங்கள் அமைப்பின் பெயரில், தலைவரின் கையெழுத்தோடு எழுதி வெளியிடுங்கள். நான் அதை எதிர்த்து எழுதுவேன், என்னைப் போல் பலர் எழுதுவார்கள், நாடாளுமன்றம் முடிவு செய்யட்டும். துணி இழுக்கிறோம் என்ற வரி மட்டும் அந்தக் கடிதத்தில் வேண்டாம்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் போதும்.

இப்படிக்கு,
இங்கிலாந்தில் வாழும் ஒரு சேலத்துக்காரன்